மாந்தர் வகையும் கூற்றுரிமையும்

அகப்பாட்டில் வரும் மாந்தர்க்குப் பெயர் இல்லை. தலைவன் இன்னான், தலைவி இன்னாள் என்று ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. ஆயினும், குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் கொளுவை மறைத்துவிட்டுக் கொடுத்தால், சிறிது பழகிய மாணவன் இது தோழி கூறுவது, இது செவிலி கூறுவது என்று பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகின்றான். பெயர் இல்லாத ஒருவரை அவன் எதனைக் கொண்டு அறிகின்றான்? இலக்கணம் பயில்வார்க்கு இது பழைய வினா. இன்று ஆட்டம் இயற்றப் புகுவார்க்கும் இதே வினா எதிர்நிற்கின்றது.

ஆட்டம் என ஈண்டுக் குறிக்கப்படுவது, நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு மாந்தராகித் தம்முள் உரையாடிக் கதை வளர்க்கும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், சூழலை எடுத்துரைப்பார். ஏனையோர் தத்தம் மாந்தர் செய்வதையும் சொல்வதையும் கூறுவர். முடிவு ஐயமாய் நிற்குமிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள மேசையாட்ட விடுதிகளில் இளைஞர் இத்தகைய ஆட்டங்களை மணிக்கணக்கில் ஆடுகின்றனர். விதிநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. மலேசியராகிய செடெக் சியூ எழுத, முன் காவ் ஓவியம் தீட்டிய 'ஆயிரம் ஆயிரம் தீவுகள்' என்னும் வரிசை இவ்வட்டாரத்து ஆறும் காடும் தீவும் கொண்டு அமைந்ததாயினும், அதுவும் ஆங்கில நூலே. வாய்திறந்து பேசினால்தான் ஆட்டம் நகரும் என்பதால் மொழியாசிரியர் இதனைப் புறக்கணிப்பதற்கில்லை. தமிழில் ஒன்று இயற்றி வகுப்பறைக்குக் கொண்டுவர நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு மாந்தர் வகைகளைப் பற்றியதே. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்பர். அதனை 'வகுப்பு' என்று பெயர்த்தால் பள்ளி வகுப்பும் சாதி வகுப்பும் ஒருங்கே நினைவிற்கு வரும். 'வகை' என்பதே பொருந்தும்.

வகைகள் நான்கு இருந்தால் நான்கும் ஆடுவோர் உள்ளத்தில் நான்காகவே பதிய வேண்டும். மறவன் என்றும் மந்திரவாதி என்றும் ஏட்டில் எழுதிவிட்டு, இருவரும் தம் முறை வந்தபோது ஒரே பகடையை உருட்டி ஒரே வகைக் கேட்டினைப் பகைவர்க்கு விளைப்பாராயின், அங்கே வகை இரண்டில்லை, பெயர்தான் இரண்டு.

நம் முன்னோர் திண்ணையிலும் பாறையிலும் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டம் இக்குற்றத்திற்கு இடங்கொடாதது. இருபத்து மூன்று புள்ளிகள் உள்ள கட்டம். புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு எதனையும் வெட்டாது. புலி தொடக்கமுதல் நகரும். ஆடுகள் பதினைந்தும் இறங்கி முடியுமட்டும் இறங்கிய ஆடு நின்ற இடத்தை விட்டு நகரலாகாது. புலிக்கு வெற்றி வெட்டுவதில். ஆட்டிற்கு வெற்றி புலியை அசையவிடாமல் அடைப்பதில். புலியாக ஆடுபவன் இடைவெளியைத் தேடுகின்றான்; ஆடாக ஆடுபவன் இடைவெளியை மூடுகின்றான். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். கல்லின் மேல் புலி வடிவம் செதுக்கியிருக்க வேண்டுவதில்லை. மலாய் மக்களின் 'ரீமாவ்' ஆட்டமும் இவ்வினத்தது. புலி ஒன்று அல்லது இரண்டு. எதிர்ப்புறம் இருபதுக்கு மேற்பட்ட மனிதர். ஆடு மனிதனாயிற்று, விதியின் உயிர் மாறவில்லை. சதுரங்கமும் அவ்வாறே. மலாய் மொழியில் அதற்குச் 'சாத்தூர்' என்று பெயர். அதில் தேர்க்காய் 'தீர்' எனப்படும். தமிழ்த் 'தேர்' என்பதே அங்கு அவ்வாறு வழங்குகின்றது என்பர் சொல்லாராய்ச்சியாளர். குதிரைத் தலை உடைந்து போனாலும், இடையில் நிற்கும் காயைத் தாண்டிப் பாயும் ஒன்றே குதிரை என்று ஆடுபவர் அறிவார்.

இனி, இத்துறையில் முதல்நூலாகிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதனை நோக்குவோம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974ஆம் ஆண்டில் மூன்று சிறு சுவடிகளாக வெளியிட்டனர். போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகை. எந்தப் படைக்கலத்தால் அடித்தாலும் ஆறுமுகப் பகடை ஒன்றின் அளவே கேடு. எண்ணளவில் பார்த்தால் வேறுபாடு சிறிது. ஆனால் சில தடைகள் இருந்தன. மந்திரவாதி குத்துவாளன்றி வேறு படைக்கலம் ஏந்தலாகாது. சமயகுரு கூரிய படைக்கலம் ஏந்தலாகாது. ஆனால் இறந்தும் உலவும் பேயினத்தை விரட்டும் ஆற்றல் அவர்க்கே உரியது. மந்திர வாள் கிடைத்தால் அது போர்வீரனுக்கே. குகையில் ஒளிவீசும் வாள் ஒன்று கிடைத்த அந்த நொடியில், மேசையிலுள்ளோர் அனைவரும் ஒருவன் முகத்தை நோக்குவர். வகை பிறக்குமிடம் அதுவே. அத்தகைய தடைகள் அறிவுக்குப் பொருந்துமா, மந்திரவாதி வாளைத் தொட்டால் என்ன ஆகும் என்று வினவியவர் பலர். அவ்வினா இயற்கை பற்றியது. ஆட்டத்திற்கு வேண்டுவது இயற்கையன்று, மரபு. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் வேறு என்று கற்ற தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்த ஆண்டே, 1975இல், 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் கள்வன் என்ற வகை சேர்க்கப்பட்டது. பூட்டைத் திறத்தல், ஓசையின்றி நடத்தல், இருளில் மறைதல், சுவரேறுதல் ஆகியன அவன் தொழில். ஒவ்வொன்றிற்கும் நூற்றுக்கு இத்தனை என்று வாய்ப்பு குறிக்கப்பட்டது. இங்கே ஒரு பிழை நுழைந்தது. அதற்கு முன்னர், எவனும் 'நான் மெல்ல அடியெடுத்து வைக்கின்றேன்' என்று சொல்லலாம். கதை நடத்துபவர் சூழலை எண்ணி முடிவு கூறுவார். கள்வன் வந்தபின், மெல்ல நடத்தல் கள்வனுக்கே உரியதென மேசைகள் பலவற்றில் கருத்து எழுந்தது. பிறர் அதனைச் செய்ய அஞ்சினர். கள்வனுக்கேனும் அது கைவந்ததா என்றால், முதற்படிக் கள்வன் இருளில் மறைவதற்கு நூற்றில் 10 பங்கே வாய்ப்பு! பொதுச் சொத்தை ஒருவன் பெயரில் எழுதிவைத்து, அவனுக்கும் அதனை முழுமையாகக் கொடாது விட்டது இவ்விதி. தனியுரிமை வகையைப் பிரித்துக் காட்டும் என்பது மெய்யே. எல்லார்க்கும் உரியதைப் பறித்து ஒருவனுக்கு உரிமையாக்குதல் ஆட்டத்தைக் குறைக்கும்.

இதற்கு நேர்மாறான பிழை 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் காணப்படுகின்றது. முந்தைய பதிப்புகளில் போர்வீரன் முறை வந்தபோதெல்லாம் வாளை வீசுவதன்றி வேறு செய்ய அறியான். மந்திரவாதியோ படி உயர உயர மலையைப் பெயர்ப்பான். இம்முறைகேட்டை நீக்கவேண்டி, வேண்டும்போதெல்லாம் செய்வது, சண்டைக்கு ஒருமுறை செய்வது, நாளுக்கு ஒருமுறை செய்வது என்னும் முப்பகுப்பினை எல்லா வகைக்கும் ஒரே சட்டகமாக வைத்தனர். நோக்கம் நன்று. போர்வீரன் பகைவனைத் தன்மேல் திருப்பிப் பிறரைக் காக்கும் விதி மிக நன்று. ஆயினும் 'எல்லாரும் ஒருவரே போல் இருக்கின்றனர்' என்று ஆடுவோர் பலர் குறை கூறினர். அக்குறையில் பாதி உண்மை. விளைவில் வேறுபாடு இருந்தது, எண்ணத்தில் இல்லை. ஒவ்வொருவரும் தம் முறை வந்ததும் ஒரே மாதிரியான சீட்டுகளைப் புரட்டி, எதனை இன்று செலவிடலாம் என்று ஒரே கணக்கையே போட்டனர். ஆட்டுக்கும் புலிக்கும் ஒரே கணக்கு என்றால் அது யாருடைய ஆட்டம்? 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அச்சட்டகத்தைக் கைவிட்டது.

இவ்விரு பிழைக்கும் நடுவே வழியுண்டா என்பதற்கு அகத்திணையே விடை தருகின்றது. செவிலியையும் நற்றாயையும் எண்ணிப் பார்க்க. இருவரும் தாயர். மகள் தலைவனுடன் போய்விட்டாள். இருவர்க்கும் துயர் ஒன்றே. ஆட்டம் இயற்றுபவர் கையில் இவர்களைக் கொடுத்தால், செவிலிக்கு அன்பு 7, நற்றாய்க்கு அன்பு 8 என்று எழுதி வைப்பார். மரபு அவ்வாறு செய்யவில்லை. செவிலி வீட்டைவிட்டுப் புறப்படுவாள். பாலை வழியே நடந்து, எதிர்ப்பட்டோரை வினவுவாள். நற்றாய் மனையில் இருந்து வருந்துவாள். மகள் ஆடிய இடத்தைக் கண்டு புலம்புவாள். நற்சொல்லும் நிமித்தமும் பார்ப்பாள். நற்றாய் தலைவனோடும் தலைவியோடும் நேர்நின்று உரையாடுவதில்லை என்றும் செய்யுளியல் வரையறுக்கின்றது. பெற்றவள் பேசலாகாது, வளர்த்தவள் பேசலாம்! இத்தடையிலிருந்தே நற்றாயின் துயரம் அவளுக்கே உரிய வடிவம் பெறுகின்றது. ஒரு பாட்டில் தாய் சுரத்திடை நின்று வினவினால் அவள் யார் என்று மாணவனுக்குத் தெரிந்துவிடுகின்றது.

அறத்தொடு நிற்றல் என்னும் துறையும் அத்தகையதே. களவினைத் தலைவி தோழிக்கு உணர்த்துவாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும். ஒருத்தியைத் தாண்டி மற்றொருத்தி செய்தி சொல்வதில்லை. ஒவ்வொருத்தி கையிலும் செய்தி சிறிது நேரம் தங்குகின்றது. அவள் வாய்திறந்தால்தான் கதை மேற்செல்லும். மேசையாட்டக்காரர் மொழியில் சொல்வதாயின், அந்த நேரத்தில் அவளுடைய முறையை வேறெவரும் ஆட இயலாது. அதே வேளையில், தலைவன் கொடுமையைக் கூறுதல், இரவின் நெடுமையை நொந்துகொள்ளுதல் முதலியன தலைவிக்கும் தோழிக்கும் ஒத்தே வருகின்றன. பெரும்பகுதி பொது, கதை திரும்புமிடம் மட்டும் தனியுரிமை. 1975ஆம் ஆண்டுக் கள்வனுக்கு வாய்க்காத அளவு இது.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் நிலையும் இங்குக் கருதத்தக்கது. வேந்தனுக்குப் பெருமுடி உண்டு, புயக்கட்டை உண்டு, திரைக்குப்பின் நின்று பாடி வெளிப்படும் சிறப்பு உண்டு. கட்டியக்காரனுக்கு இவை குறைவு. ஆனால் வேந்தனை 'நீர் யார்?' என்று கேட்கும் உரிமையும், ஆட்டத்தின் நடுவே அவையோருடன் பேசும் உரிமையும் அவனுக்கு உண்டு. வேடம் கண்ணுக்குக் காட்டும் வேறுபாட்டினும் இவ்வுரிமை காட்டும் வேறுபாடு ஆழமானது.

மேனாட்டிலும் சிலர் இவ்வழியை அடைந்துள்ளனர். வின்சென்ட் பேக்கர், மெகி பேக்கர் இருவரும் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்னும் ஆட்டத்தில் வகைக்கு ஒரு தனிச் சுவடி உண்டு. ஒரு சுவடியை ஒருவரே எடுக்கலாம். எல்லார்க்கும் பொதுவான செயல்கள் தனித்தாளில் உள்ளன. அவ்வகையினர் மட்டும் செய்வன அச்சுவடியில் உள்ளன. இதற்கும் முன்னதாக, 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்னும் போராட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நகரமாந்தரும் அவருக்குரிய தனி நோக்கமும் கொடுக்கப்பட்டன. படைவீரரை நகர்த்த வந்தவர்கள் தம்முள் பேசி வழக்காடத் தொடங்கினர் என்பது அதன் வரலாறு.

நிற்க. தமிழில் இத்தகைய ஆட்டம் இயற்றுவார் மனத்தில் முதலில் தோன்றுவது ஐந்திணை. குறவர், ஆயர், உழவர், பரதவர், எயினர் என ஐந்து வகை ஆயத்தமாய் உள்ளனவே என்று மகிழ்வர். இங்கே இருவகை இடர் உண்டு. குறவனுக்கு மலையில் இரண்டு மதிப்பெண் மிகுதி, பரதவனுக்குக் கடலில் இரண்டு மதிப்பெண் மிகுதி என்று எழுதினால், ஐவரும் ஒருவரே. நிலம் மட்டும் மாறும். கருப்பொருளை அட்டவணையாகக் கொடுத்து முடிப்பது தேர்வுக்கு உதவலாம், ஆட்டத்திற்கு உதவாது. மற்றோர் இடர் இதனினும் பெரிது. பிறந்த குடியே ஆற்றலைத் தரும் என்னும் விதியை வகுப்பறையில் வைத்துப் பிள்ளைகளை ஆடச் சொல்வது முறையன்று. மேனாட்டு ஆட்டத்திலேயே இவ்வினா எழுந்து, 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 'இனம்' எனப் பொருள்படும் பழைய சொல்லை நீக்கி, உயிரின வகை எனப் பொருள்படும் வேறொரு சொல்லை இட்டனர். சொல்லை மாற்றினால் போதுமா என்பது வேறு வினா. தமிழாசிரியர்க்கு ஆற்றுப்படை மாந்தர் இவ்விடரைக் குறைப்பர்: கூத்தர், பாணர், பொருநர், விறலியர். வழிநடை, பசி, எதிர்ப்படும் அயலார், தேடிச்செல்லும் வள்ளல் எல்லாம் அங்கு உள்ளன. பரிசில் பெற்று மீள்பவர் மட்டுமே வழி சொல்ல வல்லவர். பெறாதவர் கேட்க மட்டுமே வல்லவர் என்னும் ஒரு விதியே ஓர் ஆட்டத்திற்கு அடிப்படையாகப் போதும்.

சிலாங்கூர்ப் பிள்ளைகட்கு இதனினும் அண்மையான கதைப்பொருளும் உண்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக முன்னின்றார். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, பிள்ளைகட்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் முதலிய கோரிக்கைகளுடன், தோட்ட அதிகாரிகள் எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியினின்று இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் என்பதும் ஒரு கோரிக்கை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர்.

இதனை ஆட்டமாக்கும் ஆசிரியர் பாடநூல் முறையில் தொடங்கினால், தொழிலாளிக்கு உடல்வலிமை 8, கங்காணிக்கு அதிகாரம் 6, கிராணிக்கு அறிவு 7 என்று எழுதுவார். பிள்ளைகள் பகடை உருட்டுவர். நன்றாகப் பேசும் பிள்ளை எல்லார்க்குமாகப் பேசும். ஏனையோர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருப்பர். பின்வரிசைப் பிள்ளை அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு வாக்கியமும் பேசாமல் எழுந்துபோகும். மொழிப்பாடத்தில் இதனைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

மாறாக, மிதிவண்டி விதியையே எடுத்துக்கொள்க. துரை எதிர்ப்படுகின்றார், தொழிலாளியாகிய மாந்தர் இறங்கினால் ஒரு முறையை இழப்பார். ஒருவர் மட்டும் இறங்க மறுத்தால் வேலையினின்று நீக்கப்படுவார். மூவர் ஒருங்கே மறுத்தால் விதியே அழியும். கங்காணிக்கும் கிராணிக்கும் இவ்விதி வேறு. துரைக்கு இவ்விதியே இல்லை. தொழிலாளி துரையிடம் நேராகப் பேசலாகாது, கங்காணியிடம் சொல்லலாம். கங்காணி அச்செய்தியை அவ்வாறே கொண்டுசெல்லலாம், குறைத்தும் சொல்லலாம். குறைத்தது தெரிந்தால் லயத்தில் அவர் பேச்சை எவரும் கேளார். கிராணியிடம் மட்டும் துரையின் கடிதம் இருக்கும். அதில் உள்ளதை அவர் வாய்விட்டுப் படித்தாலன்றிப் பிறர் அறியார். சங்கத்தார் தோட்டத்தினுள் பகலில் நுழையலாகாது. இவை ஆட்டத்திற்காக வகுக்கப்படும் விதிகள். வரலாற்றில் எல்லாத் தோட்டத்திலும் இவ்வாறே நடந்தது என்று கூறலாகாது. துரைமார் பலர் தமிழ் பேசக் கற்றிருந்தனர் என்பதையும் ஆசிரியர் எண்ண வேண்டும். கிராணியை வெறும் மொழிபெயர்ப்பாளராக்குவது பிழை. இடையே நின்றது மொழிச்சுவர் மட்டுமன்று, படிநிலை.

இவ்வாறமைந்தால் வகைக்கு ஒரு மதிப்பெண்ணும் வேண்டாம். கிராணியாக அமர்ந்த பிள்ளை கூச்சமுடையதாயினும், கடிதம் அதன் கையில் உள்ளது. எல்லாரும் அப்பிள்ளையின் வாயையே நோக்குவர். தடுமாறிப் படித்தாலும் ஆட்டம் காத்திருக்கும். ஆதலின் கடிதத்தை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களில் எழுதித் தருதல் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்க்கு எட்டும் சொற்களே அதில் இடம்பெற வேண்டும். கங்காணிப் பங்கினைச் சொல்வன்மை மிக்க பிள்ளைக்குக் கொடுக்கலாம். கேட்ட செய்தியை மாற்றிச் சொல்லவும், மாற்றியதை மறைக்கவும் அங்கு நாவன்மை வேண்டும். தொழிலாளர் மூவர்க்கும் தனிச் செயல் இல்லையே என்று ஐயுறலாம். கூடி மறுத்தல் அவர்க்கு மட்டுமே உரியது. மூவரும் தம்முள் பேசி உடன்பட்டாலன்றி அது கைகூடாது. துரை வேடத்தை மாணவர் எவர்க்கும் கொடாமல் ஆசிரியர் தாமே ஏற்பது நன்று. அவ்வேடத்திற்கு ஆட்டத்தில் மிகக் குறைந்த சொற்களே உரியன.